அடிபட்ட தோளும் அக்கார்டியனும்

கை முறிந்தவரோ தோள்பட்டை இறுகிப்போனவரோ மறுபடியும் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு வாசிக்க முடியுமா? இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இதற்கென்று ஒரு வானொலிப் பேச்சா என்று யாராவது நினைக்கலாம். தென் லண்டனில் ஸ்ட்ரெதம், டூட்டிங், மிச்சம், நார்பரி என்று நம்மவர்கள் குடியிருக்கும் பக்கங்களில் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். கொழும்பில் பைலாக் கச்சேரிக்கு வாசித்தவர், ஊர்த் தேவாலயத்தில் பாடற்குழுவோடு வாசித்தவர், சென்னையில் மெல்லிசைக் குழுவில் இருந்தவர் என்று யாராவது ஒருவர் அகப்படுவார். பெட்டி மாடியறையில் கிடக்கும். கேட்டால், "இப்போ தோள் விடாது தம்பி" என்பார். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இன்று அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் வாத்தியத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் அக்கார்டியன் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அது கையடக்கமான சிறு பெட்டி. பிறகு ஜெர்மனியின் டிராசிங்கனிலும் இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோவிலும் தொழிற்சாலைகள் பெருக, பெட்டியும் பெருத்தது. நம் ஊருக்கு அது சினிமா வழியாகத்தான் நெருக்கமானது. 1964இல் வந்த 'சங்கம்' படத்தில் ராஜ் கபூர் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து மயங்காத இளைஞர் குறைவு. தமிழில் எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் அக்கார்டியன் என்றால் மங்களமூர்த்தி. பாட்டைக் கேட்டவர்கள் கோடி, வாசித்தவர் பெயரைக் கேட்டவர்கள் கொஞ்சம்.

உள்ளே இருப்பது ஆர்மோனியத்தின் இரகசியம்தான். காற்று பட்டால் அதிரும் உலோக ரீட். ஆர்மோனியம் தரையில் உட்கார்ந்திருக்கும், அக்கார்டியன் நம் மேல் உட்கார்ந்திருக்கும். தோளுக்கு வரும் கஷ்டமெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது. 41 கட்டைகளும் 120 பேஸ் பட்டன்களும் உள்ள முழு அளவுப் பெட்டி ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். டூட்டிங் கடைகளில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, அதை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து மூடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தோளே ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போகும்.

அடி எப்படிப் படுகிறது? ஸ்ட்ரெதமில் 1931இலிருந்து ஐஸ் ரிங்க் உண்டு. பழைய கட்டடம் போய், 2013இல் புதியது வந்தது. பேரப்பிள்ளைகளோடு போய், நாமும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போமே என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விழுவதற்கு ரிங்க் வரை போக வேண்டியதில்லை. நவம்பரில் ஹை ரோட்டு நடைபாதையில் நனைந்து கிடக்கும் இலையே போதும். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். அந்த அதிர்ச்சி மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறி, தோளுக்கும் காறை எலும்புக்கும் போகும். எங்கே பலவீனமோ அங்கே முறியும்.

விழாமலே வருகிற வினையும் ஒன்று உண்டு. ஃப்ரோஸன் ஷோல்டர் என்று டாக்டர்கள் சொல்கிற தோள் இறுக்கம். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வரும். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகல் என்று அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். நம் சனத்தில் நீரிழிவு எவ்வளவு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, அக்கார்டியன் வாசித்த தலைமுறையும் தோள் இறுகும் வயதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இனி, எந்தத் தோள் என்று கேட்க வேண்டும். இடமா, வலமா? இரண்டுக்கும் வேலை வேறு.

இடது கை துருத்தியை இயக்குகிறது. திறக்கும்போது பெட்டியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். இடது பக்கம் விசிறி மாதிரி விரிந்து கீழே சாயும். மூடும்போதுதான் அந்த எடையைத் தூக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இடது தோளில் அடி பட்டவர்களைக் கேட்டால், திறப்பதைவிட மூடுவதுதான் குத்துகிறது என்பார்கள். துருத்தியைப் படபடவென்று உதறி வாசிக்கும் பெல்லோஸ் ஷேக் இருக்கிறதே, அது இடது தோளுக்குக் கடைசிப் பரீட்சை. அதை முதல் மாதத்தில் நினைக்கவே கூடாது.

வலது கைக்குத் துருத்தி வேலை இல்லை என்பதால் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். அக்கார்டியனில் கட்டைகள் நின்றுகொண்டிருக்கும். தாழ்ந்த சுரங்கள் மேலே, தாடைக்குப் பக்கத்தில். உயர்ந்த சுரங்கள் கீழே. தாழ்ந்த சுரத்தைத் தொட முழங்கையை மேலே தூக்கியாக வேண்டும். வலது தோள் கெட்டவருக்கு அந்த இடம்தான் வலிக்கும். பாட்டைக் கொஞ்ச நாள் மேல்ஸ்தாயியில் வைத்துக்கொண்டால், கை தானாகக் கீழே தங்கி, தோள் ஓய்ந்திருக்கும். அதே பாட்டுத்தான். ஒரு ஸ்தாயி மாற்றியதில் வலி குறைந்துவிடும்.

காறை எலும்பு முறிந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. வார் போய் உட்காருவது சரியாக அந்த எலும்பின் மேல். வளர்ந்தவர்களுக்குக் காறை எலும்பு கூட 6 முதல் 8 வாரம் பிடிக்கும். பழைய பலம் திரும்ப அதற்கு மேலும் அவ்வளவு நாள் ஆகும். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வாரை மாட்டிவிடலாம் என்று அவசரப்படக் கூடாது. எடை ஏற்றலாமா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

வாத்தியத்தைத் தொடக்கூடாத வாரங்களில் என்ன செய்வது? கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சியைப் பிசியோவிடம் போனவர்கள் செய்திருப்பார்கள். நல்ல கையை மேசையில் ஊன்றி, முன்னால் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது. இது பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பயிற்சி. ஃப்ரோஸன் ஷோல்டர் என்ற பெயரையும் 1934இல் அவர்தான் வைத்தார். எப்போது தொடங்கலாம், எவ்வளவு ஆட்டலாம் என்பதை உங்கள் பிசியோ சொல்லட்டும்.

விரலுக்குத் தோள் வேண்டியதில்லை. பேஸ் பட்டன்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவை. வாசிப்பவர் தடவித்தான் கண்டுபிடிப்பார். அந்த நினைவு விரலில் இருக்கிறது. கையை மடியில் வைத்தபடியே, பாட்டைக் கேட்டுக்கொண்டு விரலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எலும்பு கூடும் வரை விரல் மறக்காமல் இருக்கும்.

ஆர்மோனியத்தை இந்த இடைக்காலத்துக்கு நான் பெரிதாகப் பரிந்துரைப்பேன். கட்டை படுத்திருக்கும். வலது முழங்கை உடம்போடு ஒட்டியே இருக்கலாம். பின்னால் உள்ள துருத்தியை அசைக்க இடது கை கொஞ்ச தூரம் போய்வந்தால் போதும். அதுவும் வலித்தால், வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இருந்தால், துருத்தியை அதன் கையில் கொடுத்துவிடலாம். வாத்தியம் நிற்காமல் ஓடும், பிள்ளைக்கும் தாளம் பழகும்.

சரி, டாக்டரும் பிசியோவும் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பெட்டியை எப்படி எடுத்து மாட்டுவது? பலருக்கு வாசிக்கும்போது வலி வருவதில்லை. மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தரையிலிருந்து தூக்காதீர்கள். பெட்டி இடுப்பு உயரத்தில், ஒரு மேசையிலோ கட்டில் விளிம்பிலோ இருக்கட்டும். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று பக்கத்தில் வேண்டும். உட்கார்ந்தால் தொடை சமமாக இருக்கிற உயரம். வேறொருவர் பெட்டியை எடுத்து மடியில் வைக்கட்டும். துருத்தி வாரை இப்போதே அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தால் பெட்டி தானாக விரிந்து தோளை இழுக்கும். பிறகு தோள் வார். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்று பிசியோ சொல்லித் தந்திருப்பார். இங்கேயும் அதே விதிதான். கெட்ட தோளுக்கான வாரை நன்றாகத் தளர்த்தி, அந்தக் கையை முதலில் விடுங்கள். பின்னால் கை நீட்டித் துழாவுகிற வேலை முழுவதும் நல்ல கைக்குப் போகட்டும். இரண்டும் மாட்டிய பிறகு வாரை இறுக்கலாம்.

முதுகுக்குப் பின்னால் இரண்டு வார்களையும் இணைக்கிற குறுக்கு வார் ஒன்று உண்டு. பாதிப் பேர் அதைப் போடுவதில்லை. அது இல்லாவிட்டால் வார் நழுவும். நழுவுகிற வாரைத் தோளை உயர்த்தித் தடுப்போம். ஒரு பாட்டு முழுக்கத் தோளை உயர்த்தியே வைத்திருந்தால் கழுத்தும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். குறுக்கு வாருக்கு ஆகும் செலவு கொஞ்சம், மிச்சப்படுகிற வலி நிறைய.

எடை தொடையில் இருக்க வேண்டும். கட்டைப் பலகையின் கீழ் முனை வலது தொடையின் உட்பக்கம் அணைந்திருக்கட்டும். துருத்தி இடது தொடை மேல் ஓடட்டும். தோள் வாரின் வேலை பெட்டி முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். நின்றுகொண்டு வாசிப்பது இப்போதைக்கு வேண்டாம். ராஜ் கபூர் மன்னிப்பார்.

முதல் நாள் சுரமே வேண்டாம். இடது பக்கம் காற்று பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டு துருத்தியைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடுங்கள். சத்தம் வராது, காற்று மட்டும் போய்வரும். எவ்வளவு தூரம் வலியில்லாமல் திறக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதுதான் இந்த வாரத்து எல்லை. அந்த எல்லைக்குள் அடங்குகிற பாட்டுத்தான் இந்த வாரத்துப் பாட்டு.

துருத்தியை அதிகம் இழுக்காமல் வாசிக்க ஒரு வழி உண்டு. ரெஜிஸ்டர் சுவிட்சுகளில் பலர் எப்போதும் மாஸ்டரில் வைத்தே வாசிப்பார்கள். எல்லா ரீட்டும் சேர்ந்து பாடும், காற்றும் அதற்கேற்பச் செலவாகும். ஒற்றை ரீட் ஒலிக்கிற சுவிட்சைப் போடுங்கள். கிளாரினெட் என்று எழுதியிருக்கும். காற்றுச் செலவு குறையும், தோளும் குறைவாக நகரும். ஓசையும் இனிமைதான், சின்ன வீட்டுக்குப் போதும், பக்கத்து வீட்டாரும் நன்றி சொல்வார்கள்.

மாடியறையில் பல வருடம் கிடந்த பெட்டி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரீட் பலகைகளை உள்ளே தேன்மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கும், தோல் வால்வுகள் சுருண்டுபோகும், காற்று ஒழுகும். ஒழுகுகிற பெட்டியில் ஒரு சுரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்க வேண்டியிருக்கும். சோதிப்பது எளிது. வேறொருவரை வைத்துச் செய்யுங்கள். எந்தக் கட்டையையும் அழுத்தாமல், துருத்தி வாரை அவிழ்த்து, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால், மறு பக்கம் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். மடமடவென்று இறங்கினால், முதலில் வைத்தியம் பார்க்க வேண்டியது பெட்டிக்கு.

எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்று கேட்பீர்கள். கடிகாரத்தைவிட மறுநாள் காலையை நம்புங்கள். வாசிக்கும்போது இலேசான இழுப்பு இருந்து, பிறகு அடங்கிவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் வலி தங்கியிருந்தால் நேற்று அதிகமாகிவிட்டது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, விரலில் மரத்துப்போகும் உணர்வு, கை திடீரென்று பலம் இழப்பது, இவை வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் 120 பேஸ் பெட்டி ஒத்துவரவில்லையா? அப்போது சின்னப் பெட்டிக்கு மாறுவதுதான் வழி. 72 பேஸ் பெட்டி ஏறத்தாழ 7 கிலோ. 26 கட்டையும் 48 பேஸும் உள்ளது 5 கிலோ அளவில் இருக்கும். ஒரு சினிமாப் பாட்டுக்கு 26 கட்டை தாராளம். ஆனால் இந்த இடத்தில்தான் மானம் குறுக்கே வரும். "பிள்ளைகள் வாசிக்கிற பெட்டியை நான் வாசிப்பதா?" என்று. 2004இலிருந்து ரோலண்ட் கம்பெனி மின்னணு அக்கார்டியன் விற்கிறது. அதில் ரீட் கிடையாது, ஹெட்போன் போட்டு வாசிக்கலாம். துருத்தியின் இறுக்கத்தையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய வகைகள் உண்டு. அதற்கும் "இது அசல் இல்லையே" என்று ஒரு முணுமுணுப்பு வரும்.

அப்படி முணுமுணுப்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். ஜாங்கோ ரைன்ஹார்ட் பாரிஸ் நடனக் கூடங்களில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பாஞ்சோ வாசித்து வளர்ந்த பையன். 1928இல் அவர் குடியிருந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. இடது கையில் இரண்டு விரல் முடங்கியது. மிச்சமிருந்த இரண்டு விரலுக்கு ஏற்றபடி கிட்டார் வாசிக்கும் முறையையே புதிதாக அமைத்துக்கொண்டார். இன்றுவரை உலகம் அந்த முறையைப் படித்துக்கொண்டிருக்கிறது. பால் விட்கென்ஸ்டைன் வியன்னாவின் பியானோ கலைஞர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். இடது கைக்கு மட்டும் எழுதித் தரும்படி பெரிய இசையமைப்பாளர்களைக் கேட்டார். ராவேல் எழுதித் தந்த கான்செர்ட்டோ 1932இல் வியன்னாவில் அரங்கேறியது. இருவருமே கையை இசைக்காக வளைக்கவில்லை. கைக்கு ஏற்ப இசையை வளைத்தார்கள். தோள் வலிக்காரர் 48 பேஸ் பெட்டிக்கு மாறுவது இதோடு ஒப்பிட்டால் எம்மாத்திரம்?

உதவி எங்கே கிடைக்கும்? விழுந்து கையைத் தூக்க முடியவில்லை என்றால் ஸ்ட்ரெதம்காரர்களுக்கு டூட்டிங் செயின்ட் ஜார்ஜஸும் டென்மார்க் ஹில்லில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையும் பக்கம். அவசரமில்லாத வலிக்கு ஜிபி. இங்கிலாந்தில் பல இடங்களில் ஜிபியிடம் போகாமலே என்எச்எஸ் பிசியோவுக்கு நாமே பதிவு செய்யலாம். உங்கள் பகுதியில் அந்த வசதி உண்டா என்று சர்ஜரியில் கேளுங்கள். மேடையில் தொழிலாக வாசிப்பவர்களுக்கும் இசை பயிலும் மாணவர்களுக்கும் பாப்பம் என்ற அமைப்பு 1984இலிருந்து இருக்கிறது. கலைஞர்களின் உடல்நலத்துக்கென்றே உள்ள அமைப்பு, கட்டணமில்லாத மருத்துவ ஆலோசனை தருகிறது. ஒரு கை மட்டுமே இயங்குகிறவர்களுக்கு வாத்தியங்களை மாற்றியமைத்துத் தருவதற்காக 2011இல் தொடங்கிய ஓமி அறக்கட்டளையும் இந்த நாட்டில்தான் இருக்கிறது.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "ரிட்டயர்ட்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். வாத்தியம் வாசிப்பதைச் சொல்லக் கூச்சம், அது பொழுதுபோக்குத்தானே என்று. சொல்லாவிட்டால் பிசியோ உங்களைத் தேநீர்க் கோப்பை தூக்குகிற அளவுக்குத் தேற்றி அனுப்பிவிடுவார். அவர் தப்பு இல்லை. 10 கிலோ பெட்டியை இழுக்கப் போகிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். தோள் வலிக்காகப் பிசியோவிடம் போகும்போது, நீங்கள் முன்பு வாசித்த காணொளி ஏதாவது இருந்தால் போனில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் யாராவது அக்கார்டியன் வாசிக்கும் காட்சியைக் காட்டி, "நான் இதைத்தான் மறுபடி செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். பெட்டி எவ்வளவு எடை என்பதையும் நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கேற்ற பயிற்சியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.